பக்ஸ்டன் போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மான்செஸ்டர் பிக்காடிலியில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இங்கிலாந்தின் ஊற்று ஊரான பக்ஸ்டன். அதுதான் கடைசி ஸ்டேஷன். ஊர் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதே. 1975 ஜூன் 2 அன்று டெர்பிஷயர், லங்காஷயர் அணிகளின் கிரிக்கெட் ஆட்டமே அங்கே பனி விழுந்து நின்றுபோனது.

வருகிறவர்கள் கட்டடங்களைப் பார்த்துவிட்டு ஊற்றைக் கடைசியில் எட்டிப் பார்ப்பார்கள். நீ ஊற்றிலிருந்து தொடங்கு. கிரசென்ட் என்ற பிறை வடிவக் கட்டடத்துக்கு எதிரே, ஸ்லோப்ஸ் மேட்டின் அடியில் செயின்ட் ஆன் கிணறு இருக்கிறது. கிணறு என்பது பெயர்தான். தண்ணீர் குழாய் வாயில் கொட்டிக்கொண்டிருக்கும். காசு கிடையாது, காலி பாட்டில் கொண்டு போ. வெந்நீர் என்று நினைத்துக் கை நீட்டினால் ஏமாற்றம்தான். வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் ஆழமாக இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு, அந்தப் பாறை முடிந்து நீரை விடாத களிப்பாறை தொடங்கும் எல்லையில் மேலே வருகிறது. இறங்கி ஏற ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

அடுத்து பூல்ஸ் குகைக்கு நடந்தே போகலாம். அதுவும் சுண்ணாம்புப் பாறைதான், ஆனால் உள்ளே எப்போதும் 7 டிகிரி. அங்கே ஒழுகுவது ஆழத்துக்குப் போகாத தண்ணீர். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத ஷூ வேண்டும். மஞ்சள் தலையோடு நிற்கும் கல்முளைகளை நின்று பார். குகைக்கு மேலே பழைய சுண்ணாம்புக் காளவாய்களின் கழிவு கிடக்கிறது. மழை அதைக் கரைத்து இறக்குவதால்தான் அவை அவ்வளவு வேகமாக வளர்கின்றன.

இதே மாதிரிக் கழிவுதான் ஹார்ப்பர் ஹில் குவாரியில் தேங்கிய தண்ணீரை நீலமாக்கியது. படத்தில் பார்த்துவிட்டுக் குளிக்க ஆசைப்படாதே, காலைக்கூட நனைக்காதே. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 11-க்கு மேல். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகிறதே, அதே காரம். ஆட்கள் இறங்காமலிருக்க 2013-இல் அதில் கறுப்புச் சாயமே கலந்தார்கள்.

ரோமானியர்கள் இந்த ஊரை அக்வே ஆர்னெமெட்டியே என்றார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆட்கள் ஊற்றுக்குப் பூட்டுப் போட்டு, குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களையும் அள்ளிச் சென்றார்கள். ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. சிறைக்கைதியாக இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரியே 1573 முதல் மூட்டுவலிக்காகப் பலமுறை இங்கே வந்தாள்.

கிரசென்ட் கட்டும் வேலை 1780-இல் தொடங்கியது. ஐந்தாம் டெவன்ஷயர் பிரபு, வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகருக்குப் போட்டியாக, ஜான் கார் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டினார். அவருடைய எக்டன் செப்புச் சுரங்கம் நல்ல லாபம் தந்துகொண்டிருந்த காலம் அது. 2020 முதல் ஓட்டலாக இருக்கிறது. ஊற்றுநீரில் குளிக்க வேண்டுமானால் முன்பதிவு செய்துகொள்.

பிரபுவின் குதிரை லாயம் பிறகு ஆஸ்பத்திரியானது. அதன் முற்றத்துக்கு மேலே 1881-இல் எழுப்பிய டெவன்ஷயர் டோம் என்ற குவிமாடம் 44 மீட்டர் அகலம், ரோமின் பீட்டர் பேராலய மாடத்தைவிடப் பெரியது, நடுவில் ஒரு தூண் கிடையாது. எனக்குக் கிரசென்ட்டைவிட இதுதான் பெரிய வேலை. இப்போது அங்கே கல்லூரி நடக்கிறது, பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு போம்மா.

அன்புடன்,
அப்பா