அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, அம்மிணி?

கணபதி, கோவை
மாசி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய பதிவை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஃபோனிலேயே கேட்டேன். அப்புறம் கடையைத் திறந்து, பழைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை. கடைசியில் "கிட்டாரும் கெட்டுப்போச்சு, என் கையும் கெட்டுப்போச்சு, வித்துடலாம்னு இருக்கேன்ப்பா" என்று சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே வெசனம். ஃபோனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கிட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

என் கடைக்கு மோட்டாரை இறக்குகிறவர்கள் எல்லோரும் "காயில் எரிஞ்சு போச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். திறந்து பார்த்தால் எத்தனையோ தடவை காயில் நன்றாகத்தான் இருக்கும். கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் ஸ்டார்ட்டரில் ஒரு பாயின்ட் கரிந்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த மோட்டாரின் காயிலையும் நான் வெட்டி எடுத்ததில்லை. உன் கிட்டாரில் நான்கைந்து சங்கடங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் மொத்தமும் போய்விட்டதாக உனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் இரைச்சல். நீ வாசிப்பதை நிறுத்திய பிறகும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹார்மோனியத்தில் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் நிற்கிறது. நம் ஊரில் அதே இரைச்சல் ஜி-யை ஒட்டிக் கேட்கும். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கனடாவில் 60. ஆக, அது டொரண்டோ கரண்டின் குரல். உன் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எர்த் பற்றிக் கீழே சொல்கிறேன், அது சரியான பிறகு இந்தச் சோதனையைச் செய். கிட்டாரில் இருக்கிற வால்யூமைச் சுத்தமாகக் குறை. இரைச்சல் நின்றுவிட்டால் அது கிட்டார் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கேபிளை ஆம்பிலிருந்தே, அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டியிலிருந்தே கழற்றிவிடு. அப்போது நின்றால் கேபிளைச் சந்தேகப்படு. அப்போதும் நிற்காவிட்டால் ஆம்ப். ஆம்ப் என்று தெரிந்தால் நீ அதைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். வால்வ் ஆம்பாக இருந்தால் அது ஆளையே கொல்லும். ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்துவிடு.

என் கணிப்பில் உன் இரைச்சலில் ஒரு பங்கு கிட்டாரிலிருந்துதான் வருகிறது. பிக்கப் என்பதும் காயில்தான், கண்ணு. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி மொத்தத்தில் செம்பு ஒயரை ஏழெட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். நான் கட்டுவதிலேயே சன்னமான ஒயர்கூட அதற்குப் பக்கத்தில் நிற்காது. கம்பியின் அதிர்வை வாங்குகிற அதே காயில், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர் விளக்கு எல்லாவற்றின் காந்தப் புலத்தையும் சேர்த்தே வாங்கும். கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-ல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தார். கரண்டின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் மிஞ்சும். அதற்குத்தான் ஹம்பக்கர் என்று பெயர். உன்னுடையது ஸ்ட்ராட் வகை, ஒற்றைக் காயில். ஆனால் இப்போது வரும் பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிராகச் சுற்றியிருப்பார்கள். பிக்கப்பை மாற்றும் ஸ்விட்சை இரண்டாவது இடத்திலோ நான்காவது இடத்திலோ தள்ளிப் பார். இரைச்சல் சட்டென்று இறங்கினால் காயிலுக்கு ஒரு குறையும் இல்லை, அதன் இயல்பு அதுதான். ஆம்பை விட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நாற்காலியை மெல்லத் திருப்பு. ஏதாவது ஒரு திசையில் குறையும். அங்கேயே உட்கார்ந்து வாசி.

அடுத்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆம்பின் மூன்று முனை பிளக்கைச் சின்ன வெள்ளை அடாப்டர் ஒன்றில் செருகி, அதைச் சுவரில் இருக்கும் இரண்டு ஓட்டை சாக்கெட்டில் மாட்டியிருக்கிறாய். பழைய வீடு, எர்த் இல்லாத சாக்கெட், வேறு வழி தெரியவில்லை, எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த அடாப்டரை இன்றைக்கே பிடுங்கி எடுத்துவிடு, சாமி.

பவானிப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பி. எங்கள் இன்னிசைக் குழுவுக்கு அன்றைக்கு இரண்டாவது கச்சேரி. மேடையில் இருந்த மைக் செட்டுக்கு எர்த் கிடையாது. இடது கை கம்பிகளின் மேல் இருக்க, கோரஸ் பாட மைக்குக்கு வாயைக் கொண்டுபோனேன். உதட்டில் தீக்குச்சி வைத்தாற்போல ஒரு அடி. பின்னால் விழுந்தேன். கம்பிகள், அவற்றின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மைக் செட்டின் உடம்பில் கரண்ட் கசிந்திருந்தால் அது உதட்டில் ஏறி நெஞ்சு வழியாகக் கையில் இறங்கும். நாங்கள் மேடைக்குப் பின்னால் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் கொடுத்த பிறகுதான் கிட்டாரைத் தொட்டேன். இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. எனக்கு உதடு வீங்கியதோடு போயிற்று. 1972-ல் ஸ்வான்சீ நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிட்டார்க் கலைஞர், எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். வயது 27. ஏறக்குறைய உன் வயது.

வீட்டுக்காரரிடம் சொல்லி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உள்ள சாக்கெட் போடச் சொல். செலவை நான் அனுப்புகிறேன். அதுவரை ஆம்ப் இல்லாமலே வாசி. எர்த் சரியான பிறகு கம்பிகளைக் கையால் தொட்டுப் பார். தொட்டதும் இரைச்சல் குறைய வேண்டும். தொட்டதும் கூடினால், பிரிட்ஜுக்கு உள்ளே போகிற எர்த் ஒயரின் பற்று விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சால்டரிங் வேலைதான்.

கரகரப்பு தனி. நீ நகரும்போது மட்டும் 'கர்க் கர்க்' என்று வந்தால் ஜாக்கின் நட் லூஸ். முறுக்கிவிடு, ஆனால் உள்ளே ஒயர் சேர்ந்து சுற்றாமல் பார்த்துக்கொள். குமிழைத் திருப்பும்போது வந்தால் காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பு. தையல் மெஷின் எண்ணெய் ஊற்றாதே, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கிருந்து எடுத்துப்போன பெடல் அடாப்டரின் லேபிளையும் படி. 100-240 என்று இருந்தால் சரி. 230 என்று மட்டும் இருந்தால் அங்கே பாதி வோல்டேஜ்தான் கிடைக்கும், பெடல் சோகையாகத்தான் ஒலிக்கும்.

இனி கம்பிக்கு வருகிறேன். நீ சொன்னதை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். டிசம்பரில் முதல் மூன்று ஃப்ரெட்டிலும், கழுத்தில் குறுக்கே பதித்த அந்த உலோகப் பட்டிகளில், கம்பி அடித்துக்கொண்டு 'ஜிர்' என்றது. கடையில் ஒருவர் தடிமனான கம்பி போடச் சொன்னார். 9 இருந்த இடத்தில் 10 செட் போட்டாய். 'ஜிர்' கொஞ்சம் அடங்கியது. அப்புறம்தான் சுருதி நிற்கவில்லை, கம்பி உயர்ந்துபோனது, விரல் வலித்தது. இல்லையா?

டிசம்பரில் நடந்தது குளிரால் வந்தது. வெளியே பனி, உள்ளே ஹீட்டர், காற்றில் ஈரமே இல்லை. நோம்பியில் தப்பட்டை அடிக்கிறவர்கள் கரும்புச் சோகையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதைச் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். பனியில் தொய்ந்த தோல் சூட்டில் விறைக்கும். மரத்துக்கும் ஈரம் ஏறும், இறங்கும். உன் கிட்டாரின் கழுத்து காய்ந்து பின்னால் நிமிர்ந்துவிட்டது. அதனால் கம்பி முதல் ஃப்ரெட்டுகளில் உரசியது. விரல் பலகை அகலத்திலும் சுருங்கியிருக்கும். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுவதாகச் சொன்னாயே, அதுவும் இதனால்தான்.

தடிமனான கம்பி அந்தக் கழுத்தை முன்னால் இழுத்து 'ஜிர்'ரை மறைத்தது. ஆனால் அந்த இழுப்பில் பிரிட்ஜின் பின்பக்கம் மேலே எழுந்துவிட்டது. பக்கவாட்டில் வைத்துப் பார், சாய்ந்து நிற்பது தெரியும். கம்பி உயர்ந்ததும் சுருதி கலைந்ததும் அங்கேதான். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் நட் என்ற துண்டில் இருக்கும் பள்ளங்கள் 9-க்கு அறுத்தவை. 10 அதில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ட்யூன் பண்ணும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது பிடித்து விடுகிற சத்தம்.

அதனால் மறுபடி 9 செட் போடு. நட்டின் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடு. சுருதி சேர்க்கும் சாவியின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுப் போதும். போட்டதும் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துவிட்டு ட்யூன் பண்ணு. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்து. அதிகமாகிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்று. அறைக்கு ஒரு ஈரமானி வாங்கு. 45-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி ஹியூமிடிஃபயர் வை. முடியாவிட்டால் துளை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் மூடி வை. வெளியே கொண்டுபோய்த் திரும்பினால் பெட்டியை உடனே திறக்காதே. ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

இரண்டு வாரம் பொறுத்து, பிறகும் 'ஜிர்' இருந்தால் டிரஸ் ராடுக்கு, கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பிக்குப் போகலாம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடி. ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைகிற இடைவெளி வேண்டும், கால் மி.மீ. சுமாருக்கு. இடைவெளியே இல்லையென்றால் அலன் கீயைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு ஒரு நாள் விடு. இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதே. எல்லாம் சரியான பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்), அழுத்திய சுரத்தையும் ஒப்பிடு. அழுத்தியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைக் கழுத்திலிருந்து தள்ளி வை, குறைவாக இருந்தால் கிட்டே கொண்டுவா.

கடைசியாக உன் கை. பதிவில் கவனித்தேன், கார்டு பிடிக்கும்போதெல்லாம் சுருதி ஒரு இழை ஏறுகிறது. உயர்ந்த கம்பியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி, தேவைக்கு மேல் அழுத்தப் பழகியிருக்கிறாய். அழுத்தம் கூடினால் சுரம் ஏறும், மணிக்கட்டும் வலிக்கும். இதைச் செய்: விரலைக் கம்பி மேல் சும்மா வை, மீட்டினால் 'டப்' என்று ஊமையாகக் கேட்கும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்து. சுரம் தெளிகிற இடம் வரும், அங்கே நிறுத்து. அவ்வளவுதான் தேவை. விரல் ஃப்ரெட்டின் நடுவில் இல்லாமல் ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். தினம் ஐந்து நிமிடம், வாசிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்துவிட்டு.

வேகமான இடத்தில் குழம்புகிறது என்றாய். டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறைத்துவிட்டு வாசித்துப் பார். அவ்வளவு கெயினில், அதாவது அவ்வளவு பெருக்கத்தில், நீ தொடாத கம்பிகளும் சேர்ந்து பேசும். வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த கம்பிகளின் மேல் லேசாகப் படியட்டும், இடது கை ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் மெல்லிய கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-ல் வை. மூன்று தடவை தப்பில்லாமல் வந்தால் 64. விரல் மரத்துப்போவது நாள் கணக்கில் நீடித்தால் மட்டும் கிட்டாரை மூடிவிட்டு டாக்டரைப் பார்.

நேற்றுகூட அம்மாயி சந்தகை பிழிந்துகொண்டே "அந்தப் புள்ள ராவுல மொட்டை மாடில வாசிக்குமே" என்றார்கள். விற்கப்போவதாக நான் சொல்லவில்லை.

எர்த் சாக்கெட் போட்டு, 9 செட் மாட்டியதும் எனக்கு மூன்று பதிவு அனுப்பு. வால்யூம் இல்லாமல் ஒரு நிமிடம், முழு வால்யூமில் கம்பியைத் தொடாமல் ஒரு நிமிடம், தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம். ஹெட்ஃபோனைப் பெஞ்சின் மேலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா