கட்டையை முதலில் உருட்டவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு, என்றதும் மளமளவென்று ஒரு பின்னத்தை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள், அந்தப் பின்னம் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி நேரத்தில் மர வரிப்படம் (வரக்கூடிய விடைகளைக் கிளை கிளையாகக் காட்டும் படம்) கீறக் காட்டியதோடு அந்த அலகு முடிந்துவிட்டதாம்.

போன மாதம் 12 பிள்ளைகளிடம் கேட்டேன், இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வருவதற்கும் 12 வருவதற்கும் வாய்ப்பு ஒன்றா என்று. ஒன்றுதான், 2 முதல் 12 வரை 11 விடை, ஆகவே 11இல் 1 என்றார்கள். நான் திருத்தவில்லை. ஆளுக்கு இரண்டு லூடோக் கட்டைகளைக் கொடுத்து 30 தரம் உருட்டச் சொன்னேன். மொத்தம் 360. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பலகையில் கோடு போட்டுக்கொண்டு வந்தோம், ஏழுக்கான வரிசை நீண்டு பலகை விளிம்பில் இடமில்லாமல் கீழே இறங்க, பன்னிரண்டுக்கு எதிரே ஏழெட்டுக் கோடுதான். "சேர், 12க்கு ஆறும் ஆறும் மட்டும்தானே, 7க்கு எத்தனை வழி இருக்கு!" என்றாள் ஒருத்தி. இரண்டு கட்டையும் விழக்கூடிய 36 வழியில் 7க்கு 6, 12க்கு 1 என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பிழை பெரிய மூளைக்கும் வரும். பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை டி'அலம்பேர், நாணயத்தை இரண்டு தரம் சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழுவதற்கு நிகழ்தகவு 3இல் 2 என்று 1754இல் எழுதினார். சரியான விடை 4இல் 3. முதலிலேயே தலை, இரண்டாவதில் தலை, இரண்டிலும் தலை இல்லை என்ற மூன்றும் சம வாய்ப்பு என்று, அவரும் சமமில்லாதவற்றைச் சமமென்று எண்ணிவிட்டார். சோகி (சோழி) எறிந்து பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும், வாய் மேலே விழுவது பாதிக்குப் பாதி என்று யாராலும் சொல்ல முடியாது, நூறு, இருநூறு தரம் எறிந்து எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

இது பரீட்சைக்கு மட்டுமான பாடமும் இல்லை. ஒரு இலக்கம்தான் தவறியது, அடுத்த முறை விழும் என்று தினமும் லொத்தர் சீட்டு எடுக்கிற தகப்பன்மாரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் அப்படியே பொருந்த வேண்டும் என்றால் 2 கோடியே 60 இலட்சத்தில் ஒன்று. போன சீட்டில் எவ்வளவு கிட்ட வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தப் பெருக்கலைப் பிள்ளையே செய்யட்டும்.

சரி, பாடத்திட்டம் நீளம், நேரம் எங்கே என்பீர்கள். 360 தரம் உருட்டி எண்ணி முடிக்க எங்களுக்கு அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. திருகோணமலைப் பாடசாலைகளில் இந்த அலகை ஆண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, முதல் பாடவேளையில் சூத்திரமே எழுதாமல் கட்டையை மட்டும் உருட்டவிடுங்கள். கட்டை இல்லையென்றால் என்னிடம் 24 இருக்கிறது, கேட்கும் ஆசிரியருக்குத் தருகிறேன், பாடம் முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.

கணித ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை