வேடன் வேஷம் பசங்களுக்கு மட்டுமா?

எங்கள் தெரு ஆடித் திருவிழாக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும், வணக்கம்.

போன வருஷம் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நடந்த மாறுவேடப் போட்டி உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. என் தங்கை மகள், ஒன்பது வயசு, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வில் செய்தாள். மெல்லிய பிளாஸ்டிக் பைப்பை வளைத்து, காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, பிடிக்கிற இடத்தில் பழைய பாவாடைத் துணியைச் சுற்றியிருந்தாள். இழுத்து விட்டால் 'டொய்ங்' என்று சத்தம் வரும். மேடைக்குப் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், "பாப்பா, வேடன் வேஷம் பசங்களுக்கு. நீ குறத்தி போட்டுக்கோ, அழகா இருக்கும்" என்றார். ஒரு கூடையும் பாசிமணியும் அவள் கைக்கு வந்தன. வில்லை வாங்கி அடுத்து நின்ற பையனிடம் கொடுத்தீர்கள். அவனுக்கு இரண்டாம் பரிசு, எவர்சில்வர் டப்பா. பையன்மேல் கோபம் இல்லை, நன்றாகவே நடித்தான்.

அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "பெரிம்மா, வேடனுக்குப் பொம்பளப் பேர் என்ன?" குறத்தி என்றார் தாத்தா. வேடன் பொண்டாட்டி என்றான் என் மகன். எனக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. அப்புறம் தேடினால் எயிற்றி, வேட்டுவச்சி, வேடிச்சி என்று வரிசையாகக் கிடைக்கிறது. புறநானூற்றின் 157ஆம் பாட்டைப் பாடிய புலவர் பெயரே குறமகள் இளவெயினி; எயினி என்றாலும் வேடர் குலப் பெண்தான்.

பெயர் இருந்து என்ன, அன்றாடப் பேச்சில் அவளுக்கு இடம் இல்லை. ஓட்டு வேட்டை, பதக்க வேட்டை, போலீஸ் தேடுதல் வேட்டை என்று நாள் முழுக்க வேட்டையாடுகிறோம். பெண் வந்ததும் மான் ஆகிவிடுகிறாள், இல்லையென்றால் மயில். தப்பித்தவறி அவளே வலை வீசினாலும் "பையனை வளைச்சுப் போட்டுட்டா" என்பதோடு சரி. 'பெண் சிங்கம்' என்று பேனர் வைக்கிறோமே, காட்டில் பெரும்பாலும் வேட்டைக்குப் போவது அந்தப் பெண் சிங்கம்தான் என்பது பேனர் அடித்தவருக்குத் தெரியுமோ என்னவோ.

கதையிலும் அப்படித்தான். வள்ளி வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்தவள். அவளிடம் போய் வேடன் வேஷம் போட்டு நிற்கிறார் முருகன். வில் வேஷக்காரர் கையில். வேடர் வீட்டுப் பெண் பரண்மேல் நின்று கிளி ஓட்டுகிறாள்.

இந்தப் பக்கம் எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றில் இருளர் பெண்கள் பறி என்கிற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரலில் இறால் தட்டுப்படுகிற நொடியில் அமுக்கினால்தான் உண்டு. அதை நாம் "இறால் பொறுக்குறாங்க" என்கிறோம், ஏதோ கீழே கொட்டிய அரிசியைப் பொறுக்குகிற மாதிரி.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. படித்தவர்களும் இப்படித்தான். 2018இல் பெரு நாட்டு மலையில் சுமார் 9000 வருஷத்துக்கு முந்தைய ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். ஈட்டி முனைகள், தோல் சுரண்டும் கற்கள் எல்லாம் கூடவே இருந்தன. பெரிய வேட்டைக்காரத் தலைவன் போல என்று முதலில் பேசிக்கொண்டார்கள். எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தால், அது இருபது வயசுகூட ஆகாத பெண்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருகிறேன். திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மனைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்லும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணகி மதுரைக்குப் போகும் வழியில் வேடர் ஊரில் இளைப்பாறும் இடம்தான் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. அங்கே அந்தக் குலத்துச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கொற்றவை வேஷம் போடுகிறார்கள். பன்றிக் கொம்பைப் பிறை மாதிரி தலையில் சூட்டி, புலிப்பல் தாலி கட்டி, புலித்தோலை இடுப்பில் உடுத்தி, கையில் வில்லைக் கொடுத்து, கலைமான்மேல் ஏற்றுகிறார்கள். அது சாமிக்காகப் போட்ட வேஷம்தானே, அவள் நிஜமாகவா வேட்டைக்குப் போனாள் என்று கேட்பீர்கள். வேஷம்தான். நாங்கள் கேட்பதும் வேஷம்தான்.

கலைமான் எல்லாம் வேண்டாம். இந்த ஆடிக்குப் பெயர் எழுதுகிற நோட்டில் 'வேடன்' என்று இருக்கும் வரிக்குப் பக்கத்தில் 'வேட்டுவச்சி' என்றும் எழுதிவிடுங்கள். வில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நரம்பு மட்டும் தளர்ந்துவிட்டது, புதுசு கட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடை தூக்கியவளின் பெரியம்மா