மூட்டைக்குக் காசு, நமக்கு மவுனம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்து 9 நாள் காத்துக் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் வைத்த பிறகுதான் எடை போட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைத்துவிடுமோ என்ற பயம். சரி என்று நானும் கொடுத்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

பணம் கேட்டவரைவிட, பக்கத்தில் நின்றவர்களின் பேச்சுதான் அதிகம் வருத்தியது. "எல்லா ஊர்லயும் உள்ளதுதானே, கொடுத்துட்டுப் போப்பா" என்றார்கள். 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது கொதித்தெழுந்த மக்கள் நாம். காவிரித் தண்ணீருக்காக ரயிலை மறித்தவர்கள். நம் களத்து நெல்லுக்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று பயந்து பலர் புகார் செய்வதில்லை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர்மீது குற்றமில்லை என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. எனக்கு இது தெரிய வந்தபோது நாள் கடந்துவிட்டது. சம்பா அறுவடைக்கு எங்கள் ஊரில் 20 பேர் சேர்ந்தே நெல் கொண்டுபோகிறோம். காசு கேட்டால் அங்கேயே உட்காருவோம், அன்றைக்கே லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் எழுதுவோம். பக்கத்து ஊர்க்காரர்களும் வாருங்கள்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்