கார்டைட் ஊர்க்காரனுக்கு ஒரு பதில்

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 19

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் பெட்போர்டு வரை நடந்துபோய்த் திரும்பினாய் என்று படித்து மகிழ்ந்தேன். இவளும் படித்துவிட்டு, "அவரைப் பார்த்தாவது நடங்கள்" என்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். காட்டெருமை வேலியைத் தாண்டிவந்து உன் கேரட் பாத்தியை முடித்துவிட்டுப் போனதற்கு வருந்துகிறேன். குன்னூரில் இப்போது மனிதர்கள்தான் விருந்தாளிகள் போலிருக்கிறது.

கடிதத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். சுட்ட துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிற என் பொழுதுபோக்கைக் காட்டி நான் அனுப்பிய படத்தில், அறைக்குள் இருந்த மேஜையையும், அதில் பொருத்தியிருந்த, தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் பிரஸ்ஸையும், வெடிமருந்து டப்பாவையும் பார்த்துவிட்டு ஒன்றரைப் பக்கம் திட்டியிருக்கிறாய். "நம் இருவர் அப்பாக்களும் பேக்டரியில் ஆயுள் முழுக்க மருந்தோடு பிழைத்தது போதாதா? அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறாய். அருவங்காட்டில் கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்து செய்யும் அந்த பேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நீ. உனக்கு மேலோட்டமாகப் பதில் சொன்னால் அடுத்த கடிதம் மூன்று பக்கமாகும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைதான். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டாம். விற்பனைக்குச் செய்தால் வேண்டும். ஆனால் எச்1பி விசாவில் இருக்கிறவன், வேட்டை உரிமம் போன்ற ஒருசில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது. நான் கிரீன் கார்டு வரும்வரை துப்பாக்கிக் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. மான் சுடுகிறாயா என்று உன் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறாய். இல்லை, நான் சுடுவது காகிதத்தை மட்டும். இந்த மேற்குப் பென்சில்வேனியாவில் மான் வேட்டை ஒரு திருவிழா. நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாள் முடிந்த திங்கட்கிழமை பள்ளிகளுக்கே விடுமுறை விடுவார்கள். 2019-இலிருந்து வேட்டைக்காலம் அதற்கு முந்தைய சனிக்கிழமையே தொடங்கிவிட்டாலும், பல ஊர்களில் அந்தத் திங்கள் விடுமுறை போகவில்லை.

சுட்டுமுடித்த தோட்டாவின் பித்தளை உறை வீணாவதில்லை. அதன் அடியிலிருந்து, தட்டினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு மூடியில் பழையதைத் தட்டி எடுத்து, உறையைக் கழுவி, பழைய அளவுக்கு அழுத்தி, புதுப் பிரைமர் பொருத்தி, அளந்த மருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. 2020, 21-இல் இங்கே தோட்டாவுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில், எஃகு ஆலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் வாராவாரம் வந்து சுட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் குரு. பணம் மிச்சமாகும் என்று எல்லாரும் சொல்வார்கள், நம்பாதே; மிச்சமானதற்கும் சேர்த்துச் சுட்டுத் தீர்த்துவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்த அளவுத் துல்லியம். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறோம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறோம்.

இப்போது உன் அச்சம். "ஒரு நாள் வீடே பறக்கப்போகிறது" என்கிறாய். உனக்கே தெரிந்ததைத்தான் உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இது கருமருந்து அல்ல. நீங்கள் செய்துவந்த அதே இனம், நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான புகையில்லா மருந்து. தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தைத் தாளில் கொட்டிக் கொளுத்துவோமே, அப்போது புஸ்ஸென்று எரிந்து அடங்கும். அதே மருந்து இறுக்கிச் சுற்றிய தாளுக்குள் இருந்தபோதுதான் தெரு அதிரும். இங்கேயும் அடைப்புதான் எதிரி. அதனால்தான் துப்பாக்கிகளை இரும்புப் பெட்டகத்தில் பூட்டுகிற நான், மருந்தை ஒருபோதும் அதற்குள் வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர், இரும்புக்குள் பூட்டினால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். தீப்பிடித்தால் அந்தப் பெட்டகம்தான் வெடிகுண்டு.

என்னுடையது மரப் பெட்டி. ஒரு அங்குலப் பலகை. வெப்பம் உள்ளே போக நேரமாகும். அழுத்தம் ஏறினால் மூட்டுகள் உடனே விட்டுக்கொடுக்கிற மாதிரி, அதிக உறுதியில்லாமல் அடித்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே மோசமான தச்சுவேலை செய்தேன், நன்றாக வந்தது. இங்குள்ள தீப்பாதுகாப்பு விதிமுறைப்படி வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது சுமார் 9 கிலோ, அதன் அசல் டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை போனால் இப்படிப்பட்ட மரப் பெட்டி கட்டாயம். என்னிடம் மூன்று பவுண்டுக்கு மேல் என்றும் இருப்பதில்லை. பெட்டி கட்டாயமில்லாத அளவுதான், ஆனாலும் என் அப்பாவின் மகன் என்பதால் கட்டினேன்.

மருந்தைவிட நான் மரியாதை கொடுப்பது பிரைமருக்கு. சின்னப் பொட்டு அளவுதான், ஆனால் உள்ளே இருப்பது ஈய ஸ்டிஃப்னேட். தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்தது. கடையில் அதைத் தனித்தனிக் குழியுள்ள தட்டில் நூறு நூறாக அடுக்கித் தருகிறார்கள். அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. அதைக் கொட்டி ஒரு கண்ணாடிப் புட்டியில் நிரப்பி அழகுபார்த்தால், ஒன்று போனால் எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே அட்டைப்பெட்டி மாறாமல், மருந்து இருக்கும் சுவருக்கு எதிர்ச்சுவரில், தனி அலமாரியில். வெடிமருந்து ஆலைகளில் கட்டடத்துக்குக் கட்டடம் தூரம் விட்டு, நடுவே மண்மேடு எழுப்பி வைப்பார்களே, அதன் சின்னஞ்சிறு வடிவம்.

அறையைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். நிலவறையில் இடம் இருந்தது. ஆனால் அங்கேதான் எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கொதிகலனும், குளிர்கால உலையும், துவைக்கும் இயந்திரமும். எப்போதும் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் மருந்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கராஜில் கார் பெட்ரோலும் புல்வெட்டி பெட்ரோலும். கடைசியில் கராஜுக்குப் பின்னால் சாமான் போட்டுவைத்திருந்த சிறு அறையை ஒழித்தேன். வீட்டோடு ஒட்டிய சுவர் என்பதால் பனிக்காலத்தில் உறைவதில்லை, கோடையில் வேகுவதில்லை. தனிக் கதவு, தனிப் பூட்டு. தரையில் கிடந்த கம்பளத்தைப் பிய்த்தெறிந்து வழவழப்பான வினைல் போட்டேன். கம்பளம் இருந்தால் சிந்திய மருந்தும் விழுந்த பிரைமரும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். குளிர்காலக் காற்று வறண்டிருக்கும்போது நிலைமின் பொறியும் தெறிக்கும். மருந்து சிந்தினால் வாக்குவம் கிளீனரைத் தொடுவதில்லை. அதன் மோட்டாரில் தெறிக்கிற பொறி போதும். துடைப்பமும் முறமும்தான். அப்பாவின் பிரிவில் பித்தளைக் கருவிகளும் மரச் சுத்தியலும் இருந்ததாகச் சொல்வார். அந்த நினைவில் ஒரு பித்தளைக் கரண்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

தீ வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறாய். மருந்து பற்றிக்கொண்டால் ஓடுவேன். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. மேலே மூடி மூச்சுத்திணற வைக்கும் அணைப்பான் அதனிடம் எடுபடாது. தீயணைப்பான் சுவரில் தொங்குகிறது, அது மேஜையோ திரையோ பிடித்தால் அணைக்க. எனக்கும் கதவுக்கும் நடுவில் எதுவும் இல்லாதபடி நாற்காலி போட்டிருக்கிறேன்.

ஆனால் சேகர், இவற்றையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாதது வேறு. மகள் டிசம்பரில் குழந்தையோடு வருகிறாள். பத்து மாதம், தவழ்கிற வயது, கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான். வெடிப்பைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள். ஈயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுட்ட பிரைமரின் எச்சம், உறைக்குள் படிந்த கரி, இரண்டிலும் ஈயத்தூள் இருக்கிறது. உறைகளை உமி மாதிரியான தூளோடு சேர்த்து இயந்திரத்தில் உலர உலரக் குலுக்கிப் பளபளப்பாக்குவார்கள். மூடியைத் திறக்கும்போது எழுகிறதே ஒரு புழுதி, அதுதான் வினை. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது. உடையிலும் செருப்பிலும் ஏறிக் கூடத்துக்கு வந்துவிடும். ஈயப் பெயின்ட்டை வீடுகளில் அடிக்கக் கூடாதென்று இந்த நாடு 1978-இலேயே தடை செய்தது. குழந்தை இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று 2021-இல் நோய்க்கட்டுப்பாட்டு மையம் வரம்பை இறக்கியிருக்கிறது. அத்தனை சொற்ப அளவு.

அதனால் நான் உறைகளைத் தண்ணீரில், எஃகு ஊசிகளோடு உருட்டித்தான் கழுவுகிறேன்; தூள் பறக்காது. அந்த அறைக்கென்று ஒரு செருப்பு, ஒரு மேலங்கி. இரண்டும் வாசலைத் தாண்டாது. மேலங்கியைக் குழந்தைத் துணியோடு துவைப்பதில்லை. மேஜையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கிறேன். உள்ளே காப்பி கிடையாது, வேர்க்கடலை கிடையாது. வெளியே வந்ததும் ஈயத்தை நீக்குவதற்கென்று விற்கிற சோப்பால் கை கழுவுகிறேன், அதுவும் குளிர்ந்த தண்ணீரில். வருடாந்திர இரத்தப் பரிசோதனையில் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இவள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மா மடி ஆசாரம் பார்த்ததைக் கேலி செய்தீர்களே" என்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை.

மற்றொன்று கவனம். கைத்துப்பாக்கித் தோட்டா உறை சிலவற்றில், நிரப்ப வேண்டிய மருந்து பாதி இடத்தைக்கூடப் பிடிக்காது. அசந்தால் ஒரே உறையில் இருமுறை கொட்டலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே பிளக்கும். ஒன்றுமே கொட்டாமல் விட்டால் அதுவும் ஆபத்து: பிரைமரின் விசையில் குண்டு குழலுக்குள் பாதி போய் மாட்டிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆகவே இரண்டு முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுக்கிற மாதிரி, பருமன் அதிகமான மருந்தாகப் பார்த்து வாங்குகிறேன். உறைகளைக் குழிப்பலகையில் நிறுத்தி, குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான். முடிந்ததும், மருந்தை அளந்து கொட்டுகிற அளவுக்குழாயில் மிஞ்சியதை அதே டப்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும். மறுநாள் குழாயில் கிடக்கும் கறுப்புத் துகளைப் பார்த்து இது எந்த மருந்து என்று கண்டுபிடிக்க உன்னைப்போல் கூடம் வைத்திருக்கவில்லை.

எவ்வளவு போடுவது என்பதை மருந்து தயாரிப்பவர்கள் அச்சிட்டுத் தரும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்கிறேன். அதிலும் கீழ் எல்லையில் தொடங்குகிறேன். கிளப்பில் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். சமையல் குறிப்பென்றால் கேட்டுக்கொள்வேன்.

கைப்பேசி வெளியே. கதவில் சிவப்பு அட்டை தொங்கினால் இவள் தட்டமாட்டாள். யாராவது தட்டிவிட்டால், பலகையில் இருக்கிற எல்லா உறைகளையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரே இழுவையில் எல்லா வேலையையும் செய்கிற வேகமான பிரஸ்கள் உண்டு. அழகானவை, விலையும் அதிகம். நான் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற பழைய பாணியில்தான் இருக்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு என்ன அவசரம்?

உன்னிடம் ஒரு சந்தேகம். பழைய மருந்து கெட்டுவிட்டதா என்று பார்க்க நீங்கள் அயோடைடு தாளை வைத்துச் சூடாக்கி, நிறம் மாறும் நேரத்தைக் கணக்கெடுப்பீர்களே. எனக்கு இருப்பது மூக்கு மட்டும். டப்பாவைத் திறந்ததும் அமில நெடி அடித்தாலோ, செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ பயன்படுத்துவதில்லை. இங்கே சிறிதளவு என்றால் தோட்டத்தில் மெல்லியதாகத் தூவிவிடுகிறார்கள். நைட்ரஜன்தானே, செடிக்குப் போகட்டும் என்று. கெடுவதற்கு முன்பே அறிகிற வேறு எளிய வழி, ரசாயனக் கூடம் இல்லாதவனுக்கு, ஏதாவது உண்டா? எழுது.

பேக்டரி 2021-இல் புதுக் கம்பெனியின் கீழ் போனபிறகு குடியிருப்புகள் எப்படி இருக்கின்றன? 1903-இல் கட்டிய ஊரில் நம் குவார்ட்டர்ஸ் மட்டும் இடிந்துவிட்டதாகத் தம்பி சொன்னான், உண்மையா?

ஜனவரி கடைசி வாரம் வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். தேதி உறுதியானதும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இரண்டு டிக்கெட் முன்பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடு, இவள் சன்னல் ஓர இருக்கை வேண்டும் என்கிறாள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மோகன்