‘நார்மல்’ என்று வந்த ஸ்கேன் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

வண்டியிலிருந்து விழுந்த அன்று எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் தலைவலி விடவில்லை, திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது, படித்த பத்தியையே மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நரம்பிழைகளை வண்ணத்தில் காட்டும் டிடிஐ ஸ்கேனைக் கைக்காசு போட்டு எடுத்துப் பார்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிம்மா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் சி.டி. எடுப்பது, உடனே அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்று அறிவதற்காகத்தான். புதிதாகக் கசிந்த இரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும்; எலும்பு முறிவு தெரியும். ஆனால், தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது இழுபடுகிற நரம்பிழைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ளவை, அவை சி.டி.யின் கண்ணுக்கு எட்டா. ஆகவே, உன் ஸ்கேன் நார்மல் என்பதும் உன் தலைவலி உண்மை என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இதை உன் மேலாளரிடமும் தயங்காமல் சொல்.

எம்.ஆர்.ஐ. இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், லேசான தலைக்காயத்துக்குப் பின் சி.டி. நார்மலாக இருந்தவர்களில் 27 விழுக்காட்டினரின் எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்தது. அதிலும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசைப் படங்களில், மூளையின் வெண்பகுதியில் கடுகுக்கும் சிறிய கரும்புள்ளிகளாக நுண்கசிவுகள் புலப்படும். அப்படிப் புள்ளி இருந்தால் அது அந்த நோயாளியின் மூளையிலேயே இருக்கிற தடயம். விரல் வைத்துக் காட்டலாம்.

டிடிஐ அப்படியல்ல. வாழைநாரை நெடுக்காக உரிப்பது எளிது, குறுக்காகக் கிழிப்பது கடினம் என்பதைப் போல, நரம்பிழைகளுக்கு இடையேயுள்ள நீர் மூலக்கூறுகளும் இழையின் போக்கிலேயே எளிதாக நகரும். அந்தத் திசைச்சார்பை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக டிடிஐ தருகிறது. இழைக்கட்டு குலைந்தால் பொதுவாக எண் இறங்கும். ஆனால், காயம்பட்ட தொடக்க நாள்களில் சில ஆய்வுகளில் எண் இறங்கியும் சிலவற்றில் ஏறியும் காணப்பட்டிருக்கிறது. வயதுக்கு ஏற்பவும் அது மாறும், கருவிக்கு ஏற்பவும் மாறும், படுத்திருப்பவர் தலையை அசைத்தாலும் மாறும். காயம்பட்ட ஒரு குழுவின் சராசரியைக் காயமில்லாத குழுவின் சராசரியோடு ஒப்பிட்டு வேறுபாடு காண்பது ஒன்று. ஒருவனுடைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இது விழுந்ததால் வந்தது என்று சொல்வது வேறு. விழுவதற்கு முன் எடுத்த படமும் உன்னிடம் இல்லையே! விளையாட்டில் ஏற்படும் தலை அதிர்ச்சி குறித்து 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களும், இத்தகைய மேம்பட்ட படமெடுப்பு ஆய்வுக்குப் பயன்படுமே தவிர அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் ஆகாது என்றே முடிவு செய்தார்கள். வண்ணப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தும் அறிக்கைகளை வேலையில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் சிகிச்சை எதுவும் மாறியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே டிடிஐ வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பார். அவர் எழுதிக் கொடுத்தால் எஸ்.டபிள்யூ.ஐ.யோடு சேர்த்துச் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள். நாளெல்லாம் இருட்டறையில் படுத்துக் கிடப்பதும் தேவையில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு, தலைவலியை அதிகப்படுத்தாத அளவுக்கு நடப்பதே நல்லது என்பதுதான் இப்போதைய அறிவுரை. மறுபடி தலையில் அடிபடக் கூடாது, அதனால் வண்டியை இப்போதைக்குத் தொடாதே. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, எனக்கு போன் செய்து நேரத்தைப் போக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போ.

எம்.ஆர்.ஐ. எடுத்தால், அறிக்கைத் தாளை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. மையத்தில் கேட்டுக் குறுந்தட்டில் எல்லாப் படங்களையும் வாங்கிக் கூரியரில் போடு. நானே ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா