கருவி அறிந்த நேரத்தை முழுதாகச் சொல்லட்டும்

கட்டளைவரிக் கருவிகளை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

சேவையகங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். காலையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்தால் இரவு மூடும்வரை நீங்கள் எழுதிய கருவிகளோடுதான் என் பொழுது போகிறது. உங்களில் பலர் ஊதியம் எதுவும் பெறாமல், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இவற்றைக் காத்துவருகிறீர்கள் என்பதை அறிவேன். அந்த நன்றியோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் கருவி ஒரு தேதியையோ நேரத்தையோ காட்டும்போது, ஆண்டையும் நேர வலயத்தையும் விழுங்கிவிடாமல் காட்டட்டும்.

இந்த வேண்டுகோள் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் வலயம் ஒன்றில் எங்கள் சேவையகம் இயங்கிவந்தது. 2024 நவம்பர் 3 அன்று அதிலிருந்த தரவுத்தளம் கெட்டுப்போனது. ஒவ்வொரு மணியின் 30ஆவது நிமிடத்திலும் காப்புப் பிரதி எடுக்கும் கருவி ஒன்று அதில் இருந்தது. பிரதிகளின் பட்டியலைக் கேட்டேன். ‘11/03 01:30’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, மீண்டும் ‘11/03 01:30’. வேலை தவறுதலாக இரண்டு முறை ஓடிவிட்டது என்று எண்ணினேன். வட்டில் இடம் இல்லை. மேலே இருந்ததை நீக்கிவிட்டு, கீழே இருந்ததிலிருந்து தரவை மீட்டேன். அதிலும் அதே சேதம்.

அந்த இரண்டு வரிகளுக்கும் இடையே ஒரு முழு மணி நேரம் ஓடியிருந்தது. முதல் 1:30 கோடைக்கால நேரத்தில் வந்தது; இரண்டாவது 1:30 கடிகாரம் பின்னுக்குத் திரும்பிய பிறகு வந்தது. தரவு கெட்டது இரண்டுக்கும் நடுவில். நல்ல பிரதியை நானே அழித்துவிட்டிருந்தேன். அதற்கு முந்தைய பிரதி 00:30க்கு எடுத்தது. இடைப்பட்ட ஒரு மணி நேரத்து ஆர்டர்களை மின்னஞ்சல்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துத் தட்டச்சு செய்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு அந்தக் கருவியின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பிரதியின் நேரமும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் நொடிக் கணக்காக உள்ளே பத்திரமாக இருந்தது. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 3600. கருவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. திரையில் எழுதும் கடைசி வரியில்தான், நேரத்தை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஒரு வடிவமைப்புச் சரம் ஆண்டையும் வலயத்தையும் வெட்டி எறிந்திருக்கிறது. உலகப் பொது நேரத்துக்கு எத்தனை மணி நேரம் பின்தங்கியது என்று காட்டும் ‘-04:00’, ‘-05:00’ என்ற ஆறே எழுத்து பக்கத்தில் இருந்திருந்தால் என் கை அந்த வரியின் மேல் போயிருக்காது.

இந்தச் சிக்கன வழக்கம் வெகு காலத்துக்கு முந்தையது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் நீண்ட பட்டியலைப் பாருங்கள். கோப்பு கடைசியாக மாறியது ஆறு மாதத்துக்குள் என்றால் மாதம், நாள், மணி, நிமிடம் வரும். ஆறு மாதம் கடந்துவிட்டால் மணியும் நிமிடமும் மறைந்து, அந்த இடத்தில் ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிமுறையான போசிக்ஸ் தரம் வகுத்திருப்பதே இப்படித்தான். 80 எழுத்து அகலத் திரையில் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்த காலத்தில் 12 எழுத்துக்குள் தேதியை முடித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள்: கோப்பை யாரும் தொடாமலேயே, இன்று ஒரு வடிவில் இருக்கும் வரி நாளை வேறு வடிவில் வருகிறது. இந்த வரிகளைப் படித்து நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் எனும் கட்டளைத் தொகுப்பு இன்று விழுகிறது. எழுதியவருக்கோ தான் எதையும் மாற்றவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இயங்கும் செயல்முறைகளைக் காட்டும் பிஎஸ் கட்டளை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் தொடக்க நேரப் பத்தியில், அன்றைக்கே தொடங்கியது என்றால் மணியும் நிமிடமும். வேறு நாள் என்றால் மாதமும் நாளும். வேறு ஆண்டு என்றால் ஆண்டு மட்டும். டிசம்பர் 31 இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஒரு செயல்முறையை, இரண்டு மணி நேரம் கழித்து, ஜனவரி 1 பிறந்தபின் பார்த்தால் நமக்குக் கிடைப்பது நான்கு இலக்க ஆண்டு ஒன்றுதான். புத்தாண்டு இரவில் சேவையகம் திணறும்போது, எது எப்போது தொடங்கியது என்று தேடுபவருக்கு அந்தப் பத்தியால் பயன் எதுவும் இல்லை. முழு நேரத்தையும் தரும் வேறொரு பத்தி அதே கருவியில் இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவருக்கு அதன் பெயர் நினைவுக்கு வருவதில்லை.

கணினியில் நடப்பதைப் பதிவுசெய்யும் சிஸ்லாக்கின் பழைய வரிகளிலும் ஆண்டு கிடையாது, வலயமும் கிடையாது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் அதைச் சரிசெய்தது. ஆயினும் பழைய வடிவில் எழுதும் நிரல்களை இன்றும் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்படியானால் எந்த வடிவம் என்று கேட்பீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேதி, நேரம் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988இல் வெளிவந்தது. அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துச் சுருக்கி 2002இல் ஆர்எஃப்சி 3339 எழுதப்பட்டது. ‘2024-11-03 01:30:00-05:00’ என்று எழுதினால் போதும். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே வழக்கமாக வரும் டி எழுத்துக்குப் பதிலாக இடைவெளி விடவும் அந்த ஆவணம் இடம் தருகிறது. மொத்தம் 25 எழுத்து. எல்எஸ் கட்டளையின் பழைய வடிவத்தைவிட 13 எழுத்து அதிகம். ஆண்டு முதலில், நாள் பிறகு என்பதால், ஒரே வலயத்தில் எழுதப்பட்ட வரிகளை வெறும் எழுத்து வரிசையில் அடுக்கினாலே பெரும்பாலும் கால வரிசை கிடைத்துவிடும். கடிகாரம் பின்னோக்கித் திரும்பும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. கோடைக்கால மாற்றம் இல்லாத உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதினால் அந்தச் சிக்கலும் இல்லை. 04/05 என்பது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்று யாரும் கேட்க வேண்டியதும் இல்லை.

வலயத்தை எழுத்துச் சுருக்கமாகக் காட்டாமல், கூட்டல் கழித்தல் எண்ணாகவே காட்டுங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐஎஸ்டி என்று எழுதினால் அது இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? சிஎஸ்டி என்றால் அமெரிக்காவின் மத்திய வலயமா, சீனாவா, கியூபாவா? மூன்று எழுத்தில் தெளிவு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் இல்லை. எண் மாறாதது. ஆனால் கருவிகள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பான சூழல் மாறியில் வலயத்தைக் குறிக்கும்போது போசிக்ஸ் வழக்கில் கூட்டலும் கழித்தலும் தலைகீழ் என்பதைக் கையேட்டில் தவறாமல் எழுதுங்கள்: அங்கே ‘யூடிசி+5’ என்றால் யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய மேற்கு வலயம். இதில் தடுமாறாத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘மூன்று நாள் முன்பு’, ‘இரண்டு வாரம் முன்பு’ என்று காட்டும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது இதமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் திரையில் விழுந்த கணத்திலிருந்தே பழசாகத் தொடங்குகிறது. அதை நகலெடுத்து ஒரு வழு அறிக்கையில் ஒட்டினால், ஒரு மாதம் கழித்துப் படிப்பவர் எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்? நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவி இதை ஒரு விருப்பத்தேர்வாக மட்டும் வைத்திருக்கிறது. கேட்டால் தருகிறது, கேட்காதபோது முழுத் தேதியையும் வலய எண்ணையும் தருகிறது. அதுதான் சரியான முறை என்பது என் கருத்து.

கிட் கருவியிடமிருந்து கற்க இன்னொன்றும் உண்டு. அதில் ‘ஐஎஸ்ஓ’ என்ற பெயரில் வந்த வடிவம் தரத்தை முழுதாகப் பின்பற்றவில்லை: டி எழுத்துக்குப் பதிலாக இடைவெளி, வலய எண்ணுக்கு முன் இன்னோர் இடைவெளி, அந்த எண்ணின் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி இல்லை. தவறு தெரிந்ததும் பழையதை மாற்றிவிடவில்லை. அதை நம்பி ஓடும் ஸ்கிரிப்டுகளை அப்படியே வாழவிட்டு, கண்டிப்பான வடிவம் ஒன்றை வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்தார்கள். ‘இயல்பிருப்பை (எதுவும் கேட்காதபோது கருவி செய்வதை) மாற்றினால் உலகமே உடைந்துவிடும்’ என்று அஞ்சும் உங்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த வழியைத்தான். முதலில் விருப்பத்தேர்வைக் கொடுங்கள். அடுத்த பெரிய பதிப்பில் இயல்பிருப்பு மாறும் என்று இப்போதே அறிவியுங்கள். பழைய வடிவத்தை வேண்டுவோருக்கு அதையும் ஒரு பெயரிட்டு விட்டுவையுங்கள்.

அந்த விருப்பத்தேர்வின் பெயரையும் கருவிக்குக் கருவி புதிதாகச் சூட்ட வேண்டாம். குனூ திட்டத்தின் எல்எஸ், கோப்புகள் வட்டில் எடுக்கும் இடத்தைக் காட்டும் டியூ ஆகிய இரண்டும் ‘டைம்-ஸ்டைல்’ என்ற விருப்பத்தேர்வையும் அதே பெயரிலான சூழல் மாறியையும் ஏற்கின்றன. ஒரு முறை அமைத்துவிட்டால் இரண்டும் கேட்கின்றன. மற்றவர்களும் அதையே மதித்தால் என்னைப் போன்றவர்களின் அமைப்புக் கோப்பு பத்து வரியிலிருந்து ஒரு வரிக்கு வரும். ஒரே எழுத்து விருப்பத்தேர்வு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும் துன்பத்தை, நேரத்தைக் காட்டும் டேட் கட்டளையில் ஏற்கெனவே அனுபவிக்கிறோம்: சிறிய ஆர் எழுத்துக்குப் பின் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் நொடிக் கணக்கைக் கொடுக்கலாம், குனூ வகையில் அங்கே கோப்பின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

மாதப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் கணினியை அமைத்து வைத்திருக்கும் எங்களுக்கு இது நேரடியாக உறைக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்லா மாதமும் மூன்றெழுத்து. தமிழில் ‘ஜூன்’ கண்ணுக்கு இரண்டெழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். ‘பிப்ரவரி’ கண்ணுக்கு ஐந்தெழுத்து, 24 பைட். பைட்டை எண்ணிப் பத்தியை ஒழுங்குபடுத்தும் கருவியில் பட்டியல் சிதறிப்போகிறது. மாதப் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்டும் எங்கள் கணினியில் ஓடாது. என் தாய்மொழி கட்டளைவரியில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்; ஆனால் பட்டியல் பத்திக்குள் எண்ணால் எழுதிய தேதியே எல்லா மொழிக்காரருக்கும் பொதுவானது. மொழிவாரி வடிவத்தை, மனிதர் படிப்பதற்கென்றே கேட்கும்போது தாருங்கள்.

உள்ளீட்டையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் கருவி எழுதிய நேரத்தை அப்படியே நகலெடுத்து, ‘இதற்குப் பிறகு நடந்ததைக் காட்டு’ என்று அதனிடமே திருப்பிக் கொடுத்தால் அது புரிந்துகொள்ள வேண்டும். தான் எழுதியதைத் தானே படிக்க மறுக்கும் கருவிகள் எத்தனை! வலயம் சொல்லாமல் ஒரு நேரம் வந்தால் எந்த வலயம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு முறை வரும் மணி நேரத்தில் எது என்று தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேளுங்கள்.

நிரல் எழுதுபவர்கள் கவனிக்க ஓர் எச்சரிக்கை. வடிவமைப்புச் சரத்தில் சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். இது மாறிப்போனால் சீக்கிரம் தெரிந்துவிடும். பெரிய ஒய்யும் பெரிய ஜியும் மாறிப்போனால் மாதக்கணக்கில் தெரியாது, ஏனென்றால் ஜி தருவது வாரக் கணக்கின் ஆண்டு. 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை, ஐஎஸ்ஓ வாரக் கணக்கில் 2015இன் முதல் வாரத்தில் விழுகிறது. ஜி போட்டவருக்கு அந்த நாள் 2015 டிசம்பர் 29 ஆகிவிடும்.

வெறும் வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. உங்கள் கருவிகளுக்கான சோதனைத் தொகுப்பு ஒன்றைத் தயார்செய்துகொண்டிருக்கிறேன். நான் ஏமாந்த 2024 நவம்பர் 3இன் இரண்டு 1:30களும் அதில் உண்டு. நாளின் கடைசி நொடி 23:59:60 என்று வந்த 2016 டிசம்பர் 31, சமோவா நாள்காட்டியில் இடம்பெறாமலே போன 2011 டிசம்பர் 30, நொடிக் கணக்கு பத்து இலக்கத்தைத் தொட்ட 2001 செப்டம்பர் 9 01:46:40 யூடிசி, 32 பிட் எண் நிரம்பிவிடும் 2038 ஜனவரி 19 03:14:07 யூடிசி, அதற்கு அடுத்த நொடி, யூடிசிக்கு 5 மணி 45 நிமிடம் முன்னே இருக்கும் நேபாள வலயம் ஆகியவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கருவியிடம் கொடுத்து, அது காட்டும் நேரத்தைத் திரும்ப அதனிடமே கொடுத்து, முதலில் தந்த எண் மாறாமல் கிடைக்கிறதா என்று அந்தத் தொகுப்பு பார்க்கும். உங்களில் யார் கேட்டாலும் உங்கள் கருவிக்கு ஏற்றபடி அதை மாற்றி அனுப்புகிறேன். கையேட்டில் நேர வடிவம் பற்றிய பகுதியையும் எழுதித் தருகிறேன். சிறு மாற்றம் என்றால் அதற்கான திருத்தமாகிய ஒட்டு நிரலையும் நானே அனுப்புவேன். ஏற்க இயலாது என்றால் காரணத்தை மட்டும் சொல்லுங்கள், திருத்தி மீண்டும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு சேவையகப் பராமரிப்பாளர்